டாலர் ஏறிய ஆண்டில் நான் இழந்த 84,000 டாலர்

2022 அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஒரு டாலரின் விலை முதன்முறையாக 83 ரூபாயைத் தொட்டபோது, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். தீபாவளிக்குச் சில நாள்களே இருந்ததால் எல்லோரும் அதைப் பண்டிகை இனிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். உண்மையான காரணம் எனக்கும் எங்கள் கணக்குகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கும் மட்டுமே தெரியும். அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு டாலருக்கு எழுபத்து நாலரை ரூபாய்தான் கிடைத்தது. ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு மாதம் 24,000 டாலருக்கு மென்பொருள் சோதித்துக் கொடுத்த எங்களுக்கு, எந்தக் கூடுதல் உழைப்பும் இல்லாமல் மாதத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் அதிகமாக வரத் தொடங்கியிருந்தது. அடுத்த ஏழாவது மாதத்தில் அந்த அலுவலகத்தைக் காலி செய்தேன். ரூபாயை இறக்கி எனக்கு அந்த இரண்டு லட்சத்தைக் கொடுத்த அதே காரணம்தான் எனக்கு வேலை கொடுத்த நிறுவனத்தையும் மூட வைத்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. முன்பே யாராவது சொல்லியிருந்தால் பணத்தில் பாதியையாவது காப்பாற்றியிருப்பேன் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 2006 முதல் பதினோரு ஆண்டுகள் டெஸ்டிங் எனப்படும் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்தேன். 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானபோது நானும் அதன் சூட்டை உணர்ந்தவள்தான். அந்த ஆண்டு ஊதிய உயர்வு நின்றது, பக்கத்து இருக்கைக்காரர்கள் ஐந்து மாதம் வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் மாதச் சம்பளக்காரிக்கு உலகப் பொருளாதாரம் என்பது அப்ரைசல் கடிதத்தில் வரும் ஓர் எண் மட்டுமே. எங்களுக்குப் பணம் கொடுப்பவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. 2017இல் கோயம்புத்தூருக்குத் திரும்பி நான்கு பேருடன் சொந்தமாக டெஸ்டிங் சேவை தொடங்கினேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா அன்றைக்கே கேட்டார்: "எத்தனை கம்பெனிக்கு வேலை செய்யப் போறே?" அவர் இருபது ஆண்டுகள் ஒரே பம்ப் நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க் செய்து, அது கைவிட்டபோது இரண்டு லேத்துகளை விற்றவர். மென்பொருள் வேறு மாதிரியான தொழில் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த இரண்டு ஆண்டுகளை இப்போது நினைத்தால் கனவுபோல் இருக்கிறது. அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறக்குறைய பூஜ்யத்தில் கிடந்தது, கடைக்கோடி மருத்துவமனையும் ஆன்லைனுக்கு மாறிக்கொண்டிருந்தது. மருத்துவமனைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் தயாரித்த ஒரு கலிபோர்னியா நிறுவனத்துக்கு நாங்கள் 2020இல் மூன்று பேரைக் கொடுத்திருந்தோம். 2022 தொடக்கத்தில் அது பன்னிரண்டு பேராக வளர்ந்திருந்தது. ஒருவருக்கு மணிக்குப் பன்னிரண்டரை டாலர், மாதம் 160 மணி நேரம், ஆக ஓர் ஆளுக்கு 2,000 டாலர் என்பது கணக்கு. 2021-22 நிதியாண்டில் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் மொத்த வருவாய் 227 பில்லியன் டாலர் என்று அத்துறையின் கூட்டமைப்பான நாஸ்காம் அறிவித்த காலம் அது. மூன்று ஆஃபர் லெட்டர்களைக் கையில் வைத்துக்கொண்டு நான்காவதற்குப் பேரம் பேசிய இளைஞர்களை எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் இழுத்துப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. நானும் ஒரே ஆண்டில் 40 சதவீதம் வரை ஊதியம் உயர்த்தினேன். போதாததற்கு 2022 பிப்ரவரியில் 40 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, கண்ணாடிச் சுவர்கள் கொண்ட புதிய அலுவலகத்துக்குக் குடிபோனேன். எங்கள் வருவாயில் நான்கில் மூன்று பங்கு அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. அதைக் குறையாகவே நினைக்கவில்லை, உறவின் ஆழம் என்று நினைத்தேன்.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதம் உயர்த்தியது. ஜூனில் அந்நாட்டின் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது, அந்த மாதம் முதல் முக்கால் முக்கால் சதவீதமாக வட்டி ஏறியது. 2023 ஜூலையில் அது ஐந்தேகால் முதல் ஐந்தரை சதவீதத்தில் போய் நின்றது. இதையெல்லாம் நான் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் வீட்டுக் கடன் வாங்கிய அமெரிக்கர்களின் கவலை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன். எனக்கு விளங்காமல் போனது இதுதான்: எங்கள் கலிபோர்னியா நிறுவனம் லாபத்தில் ஓடவில்லை, முதலீட்டாளர்கள் போட்ட பணத்தில் ஓடியது. சும்மா வைத்திருந்தால் வட்டியே கிடைக்காத காலத்தில், பத்தாண்டுகள் கழித்து வரக்கூடிய லாபத்துக்காகக் காத்திருக்க முதலீட்டாளர்கள் தயாராக இருந்தார்கள். அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டாலே நான்கு சதவீதத்துக்கு மேல் கிடைக்கத் தொடங்கியபின், அந்தக் காத்திருப்புக்கு அவர்கள் கேட்ட விலை பல மடங்கு ஏறிவிட்டது, அடுத்த சுற்று முதலீடு பலருக்குக் கிடைக்காமல் போனது. அதே உயர்ந்த வட்டியைத் தேடித்தான் உலகத்தின் பணமெல்லாம் டாலரை நோக்கி ஓடியது, உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலையும் ஏறியிருக்க, ரூபாய் இறங்கியது. ஆக, நான் மைசூர்பாகு வாங்கியதும் அந்த நிறுவனத்தின் கஜானா வற்றியதும் ஒரே காரணத்தால்தான்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. 2022 ஜூலையில் அவர்களுடைய நிதிப் பொறுப்பாளர், "உங்கள் ரூபாய்தான் இவ்வளவு இறங்கிவிட்டதே, எங்களுக்கு ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டார். நான் மழுப்பினேன், அவரும் வற்புறுத்தவில்லை. செப்டம்பரில் வேறொரு கோரிக்கை வந்தது: விலையைக் குறைக்க வேண்டாம், 30 நாளில் கொடுத்த பணத்தை இனி 60 நாளில் கொடுக்க அனுமதித்தால் போதும். இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் உள்ளூர மகிழ்ந்தேன். டாலர் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு மாதம் தாமதமாக வந்தால் இன்னும் ஒரு ரூபாய் கூடுதலாகத்தானே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, அன்று மாலையே சம்மதம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பினேன். விலைக் குறைப்புக் கேட்பவர் செலவைக் குறைக்கப் பார்க்கிறார், அவகாசம் கேட்பவரிடம் பணமே இல்லாமல் இருக்கலாம் என்ற வேறுபாடு அப்போது எனக்குப் பிடிபடவில்லை. எதற்காக அவகாசம் என்ற ஒரே ஒரு கேள்வியையாவது கேட்டிருக்க வேண்டும். இப்போது யார் அப்படிக் கேட்டாலும், அவகாசம் வேண்டுமானால் ஒரு மாதத் தொகையை முன்பணமாக வையுங்கள் என்று பதில் எழுதுகிறேன். பணம் இருப்பவர் முனகிக்கொண்டே வைத்துவிடுவார்.

செப்டம்பர், அக்டோபர் மாத இன்வாய்ஸ்களுக்கு இரண்டு மூன்று வாரம் தாமதமாகப் பணம் வந்தது. நவம்பர் மாதத்துக்கு உரியது ஜனவரி இறுதியில் வர வேண்டும், வரவில்லை. ஜனவரியில் நடந்த ஒரு தொலைபேசி உரையாடலில் அந்த நிதிப் பொறுப்பாளர் நான் அதுவரை கேள்விப்படாத ஒன்றைச் சொன்னார். 2017இல் இயற்றப்பட்ட அமெரிக்க வரிச் சட்டத்தின் 174ஆம் பிரிவு திருத்தம் 2022 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி மென்பொருள் உருவாக்கச் செலவை அந்த ஆண்டு வருமானத்திலிருந்தே முழுவதுமாகக் கழித்துக்கொள்ள முடியாது. உள்நாட்டில் செய்த செலவை 5 ஆண்டுகளுக்கும் வெளிநாட்டில் செய்த செலவை 15 ஆண்டுகளுக்கும் பரப்பித்தான் கழிக்க வேண்டும். லாபமே இல்லாத நிறுவனம்கூட இதனால் கணக்கில் லாபம் காட்டி வரி கட்டும் நிலை வந்தது. எங்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் அவர்களுக்கு முன்னைவிட அதிகச் செலவாகிவிட்டது என்பது அதன் பொருள். மலிவு என்ற ஒரே காரணத்துக்காக நம்மைத் தேடி வருபவருடைய கணக்கில் அந்த மலிவை அவர்கள் நாட்டுச் சட்டம் ஒன்று சத்தமில்லாமல் தின்றுவிட முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். 2025 ஜூலையில் அமெரிக்கா இந்தச் சட்டத்தைத் தளர்த்தியபோதும் உள்நாட்டுச் செலவுக்கு மட்டுமே தளர்த்தியது, வெளிநாட்டுக்கான 15 ஆண்டு அப்படியே இருக்கிறது. அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு நிறுவனக்காரர்கள் பலரிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், தெரிந்தவர் மிகச் சிலரே.

பிப்ரவரியில் அவர்கள் பன்னிரண்டு பேரை ஆறு பேராகக் குறைத்தார்கள். மார்ச் 11ஆம் தேதி சனிக்கிழமை காலை எழுந்தவுடன் கைப்பேசியில் பார்த்த செய்தி, முந்தைய நாள் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது என்பதாகும். எங்கள் கிளையன்டின் பணம் முழுவதும் அந்த வங்கியில் இருக்கிறது என்று அதன் நிறுவனரே அன்று இரவு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வைப்புத்தொகைக்கு அங்கே காப்பீட்டு வரம்பு இரண்டரை லட்சம் டாலர். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடவில்லை. திங்கள் காலை, எல்லா வைப்புகளும் முழுமையாகப் பாதுகாக்கப்படும் என்று அமெரிக்க அதிகாரிகள் அறிவித்த செய்தியைப் பார்த்ததும் பூஜை அறையில் விளக்கேற்றினேன். பின்னால் யோசித்தபோதுதான் தெரிந்தது, அந்த வங்கியின் வீழ்ச்சி என்னைப் பத்து நாள் ஏமாற்றியது என்று. பணம் மாட்டிக்கொண்டதால்தான் தரவில்லை, விடுபட்டதும் தந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு, மார்ச் 20 வரை ஆறு பேரையும் அவர்களுக்காக வேலை செய்ய வைத்தேன். அந்த வங்கியில் அவர்களுக்கு இருந்ததே கொஞ்சம்தான், புதிய முதலீடு ஜனவரியிலேயே கைகூடாமல் போயிருந்தது.

ஏப்ரலில் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களுக்குத் தலா 24,000 டாலரும் பிப்ரவரிக்கு 12,000 டாலருமாக 84,000 டாலர் நின்றது, அன்றைய மதிப்பில் சுமார் 69 லட்சம் ரூபாய். மார்ச் மாத வேலைக்கு நான் இன்வாய்ஸ்கூட அனுப்பவில்லை. பழைய 30 நாள் ஏற்பாடே நீடித்திருந்தால் நவம்பர் பணம் வரவில்லை என்பது டிசம்பர் இறுதியிலேயே தெரிந்திருக்கும், ஜனவரியோடு வேலையை நிறுத்தியிருந்தால்கூட பிப்ரவரி, மார்ச் உழைப்பாவது மிஞ்சியிருக்கும்.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது ஊழியர்களிடம் நான் நடந்துகொண்ட விதம். நிலைமை சரியில்லை என்று பிப்ரவரி நடுவிலேயே எனக்குத் தெரியும். சொன்னால் எல்லோரும் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் ஆறு வாரம் மறைத்தேன். அந்த ஆறு வாரம் அவர்களுக்கு எவ்வளவு விலை உயர்ந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் அதற்குள் பெரிய நிறுவனங்களும் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ்ஸின் ஊழியர் எண்ணிக்கை 13,000க்கு மேலும், இன்ஃபோசிஸின் எண்ணிக்கை ஏறக்குறைய 26,000மும் குறைந்தன. ஓராண்டுக்கு முன் மூன்று ஆஃபர்களோடு வந்த பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. பதினோரு பேரை அனுப்பினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க 25 பவுன் நகையை அடகு வைத்து ஏழரை லட்சம் வாங்கினேன். கண்ணாடிச் சுவர் வைத்த அந்தச் சந்திப்பு அறையில் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினேன், வெளியே இருந்தவர்களுக்கு உள்ளே அழுபவர் தெரிந்தார். அந்தச் சுவருக்காகக் கொடுத்த பணத்தை அன்றைக்கு நினைத்ததுபோல் என்றைக்கும் நினைத்ததில்லை. கெட்ட செய்தியை நாம் அறிந்த வாரத்திலேயே ஊழியர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர் போகலாம், ஆனால் மீதி இருப்பவர்கள் கடன் வாங்குவதையாவது தள்ளிப் போடுவார்கள். என்னிடம் வேலை செய்த ஒரு பையன் மார்ச் முதல் வாரத்தில்தான் புது பைக்குக்கு முன்பணம் கட்டியிருந்தான்.

மே மாதத்தில் நான் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. மோசடி அஞ்சல் என்று நினைத்து அழிக்கப் பார்த்தேன். மூடப்பட்ட நிறுவனத்தின் சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் அனுப்பிய கோரிக்கைப் படிவம் அது. குறித்த தேதிக்குள் ஒப்பந்தம், இன்வாய்ஸ், வேலை ஏற்கப்பட்டதற்கான அஞ்சல் ஆகியவற்றை இணைத்து அனுப்பாவிட்டால் ஒரு காசுகூடக் கிடைக்காது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பினேன். ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களுக்கும் அங்குள்ள ஊழியர்களின் சம்பளப் பாக்கிக்கும் முன்னுரிமை, நம்மைப் போன்றவர்களுக்குக் கடைசி வரிசை. 2024 அக்டோபரில் டாலருக்கு 9 சென்ட் வீதம் 7,560 டாலர் வந்தது, ஏறக்குறைய 6 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். மாதாமாதம் வேலையை ஏற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி எழுதி வாங்கி வைக்கும் பழக்கம் சென்னை நாள்களில் இருந்து ஒட்டிக்கொண்டதால்தான் அதுவும் கிடைத்தது.

வராத பணத்துக்கும் வரி கட்ட வேண்டியிருக்கும் என்பது நான் எதிர்பாராத அடி. எல்.யு.டி. என்னும் உறுதிமொழிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு ஜிஎஸ்டி இல்லாமல் சேவையை ஏற்றுமதி செய்கிறோம் அல்லவா, அந்தப் பணம் அந்நியச் செலாவணியாக ஓராண்டுக்குள் வராவிட்டால் அது ஏற்றுமதியாகவே கருதப்படாது, வட்டியோடு 18 சதவீத வரி கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். "இன்வாய்ஸ் போட்டப்பவே இதை யோசிக்கணும்மா" என்று அவர் சொன்னபோது, இன்வாய்ஸ் போட்ட நாளில் நீங்களும்தானே இருந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. ஏற்றுமதிப் பணத்தை ஒன்பது மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அப்போது ரிசர்வ் வங்கி விதி இருந்தது. அந்தக் கெடு முடியும் முன்பே கிளையன்ட் மூடப்பட்ட ஆவணங்களோடு வங்கிக்கு எழுதி அவகாசம் வாங்கினேன், அதனால் ஜிஎஸ்டியிலும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கடைசியில், நாங்கள் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கட்டி உள்ளீட்டு வரியாகச் சேர்ந்திருந்ததைக் கழித்தது போக எட்டு லட்சத்துக்குச் சற்று மேல் கையிலிருந்து கட்டினேன். பணம் வராது என்று தோன்றிய நாளிலேயே ஆடிட்டரிடமும் வங்கியிடமும் போங்கள், வெட்கப்பட்டுத் தள்ளிப் போட்டால் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் என் சித்தப்பா மகன் இதைக் கேட்டுவிட்டு, "ஏனக்கா, ஈசிஜிசி எடுக்கலையா?" என்று சாதாரணமாகக் கேட்டான். ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் 1957 முதல் இருக்கும் மத்திய அரசு நிறுவனம், வெளிநாட்டில் வாங்குபவர் திவாலானால் இழப்பின் ஒரு பகுதியைக் கொடுக்கும் காப்பீட்டை அது தருகிறது. துணிக்கும் இயந்திரத்துக்கும்தான் அது என்று நான் நினைத்திருந்தேன், சேவை ஏற்றுமதிக்கும் உண்டு. கண்டெய்னர் அனுப்புகிறவன் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம், கணினியில் வேலையை அனுப்புகிறவளுக்குப் பணம் போன பிறகு தெரிந்தது. டாலரைக் கையில் வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் யோசனையும் வேண்டாம். ஏற்றுமதியாளருக்கான அந்நியச் செலாவணிக் கணக்கில் இருக்கும் டாலரை அடுத்த மாத இறுதிக்குள் ரூபாயாக மாற்றியாக வேண்டும் என்பது நான் அந்தக் கணக்கு வைத்திருந்த காலத்து விதி.

இப்போது கணபதியில் அப்பாவின் பட்டறைக்கு மேல்மாடியில் எட்டுப் பேரோடு வேலை செய்கிறேன், கீழே லேத் ஓடும்போது மேசை லேசாக அதிரும். ஐந்து கிளையன்ட்டுகள், யாரும் மொத்த வருவாயில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை, அதில் இருவர் ஐரோப்பியர்கள். புதிதாக ஒருவர் வந்தால் முதல் பேச்சிலேயே, உங்கள் செலவு லாபத்திலிருந்து நடக்கிறதா முதலீட்டிலிருந்து நடக்கிறதா, கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் நம்மிடம் வேலை வாங்குபவர் நம் ஊழியர்களின் அனுபவச் சான்றிதழ் வரை கேட்கிறார் அல்லவா. ஒப்பந்தத்தில், பணம் வர 15 நாள் தாமதமானால் வேலையை நிறுத்த எனக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்க்கிறேன். அமெரிக்க மத்திய வங்கி கூடும் நாள்கள் என் நாட்காட்டியில் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் வெளிநாட்டுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்கள் மீது 25 சதவீத வரி விதிக்கும் மசோதா ஒன்று அமெரிக்க செனட்டில் முன்வைக்கப்பட்டபோது, அது சட்டமாகும் வரை காத்திராமல், அப்படி ஒரு வரி வந்தால் யார் சுமப்பது என்பதை அந்த வாரமே மூன்று கிளையன்ட்டுகளிடம் பேசி எழுதி வைத்துக்கொண்டேன்.

பைக்குக்கு முன்பணம் கட்டிய அந்தப் பையனுக்கு ஏழு மாதம் வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் பெங்களூருவில் தானே நடத்தும் மையத்தில் சேர்ந்தான். அவுட்சோர்சிங்குக்குப் பதிலாக இந்தியாவிலேயே சொந்த அலுவலகம் திறப்பதுதான் இப்போது பெருநிறுவனங்களின் போக்கு, எங்களுக்கு வர வேண்டிய வேலை கொஞ்சம் அந்தப் பக்கமும் போகிறது. சென்ற மாதம் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தான். "அக்கா, எங்க தாய்க் கம்பெனியோட காலாண்டு அறிக்கை வந்திருக்கு. இதுல எதைப் பார்க்கணும்னு சொல்லுங்க. வீட்டுக் கடனுக்கு நாளைக்குக் கையெழுத்துப் போடணும்." கையிருப்புப் பணம் போன காலாண்டில் எவ்வளவு, இந்தக் காலாண்டில் எவ்வளவு என்று முதலில் தேடச் சொன்னேன். அவன் எண்களை வாசிக்க, நான் இன்வாய்ஸ் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்.